நாலு விரல் கம்மி

பிப்ரவரி 4, புதன்கிழமை, காலை 6 மணி 20 நிமிடம். சங்கராபுரம் சாலையில் ஒரு சிறுபாலத்துக்குக் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தோம். மிக்சர் இரைச்சலில் போன் அடித்தது கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது தவறிய அழைப்புகள் ஏழு. ஏழும் எங்கள் கூடைப்பந்துக் குழுவின் செயலாளர் தனபால் அண்ணனிடமிருந்து.

திரும்பக் கூப்பிட்டேன்.

“சாதிக்கு, கரியராமன் செத்துட்டான்டா. மெட்ராஸ்ல. காத்தால வாக்கிங் போகசொல்ல நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சாம்.”

கரியராமன் அண்ணனுக்கு வயது முப்பத்தேழு. நான் கேட்ட முதல் கேள்வி, “பாடி எங்க வருது?” என்பதுதான். எனக்கு அப்படித்தான் கேட்க வரும்.

“மலை மேல, அவங்க ஊருக்கே எடுத்துக்கினு போறாங்களாம். நாம கோர்ட்டுல ஒரு ஃப்ளெக்ஸ் வெச்சிடலாம். ‘மண்ணின் மைந்தன்’னு போட்டுடலாமா? நீ இன்னா சொல்ற?”

“அண்ணே, பலகையில அவரு பேரு மேல கறுப்பு பெயிண்ட் இருக்கு.”

“அத அப்பறம் பாத்துக்கலாம்டா” என்றார்.

ஒன்பது வருடமாக அதை அப்புறம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம். என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மேடையில் பேச வராது. எழுதி, கூட்டத்துக்கு முன்பே குழுவில் கொடுக்கிறேன். கூட்டத்தில் நான் இதைப் படிக்கும்போது யாரும் பாதியில் நிறுத்த வேண்டாம். பிறகு இதை இப்படியே நம் குழுவின் மலரில் போடுங்கள்.

நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான், மலரைப் படிக்கப்போகும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் கோர்ட்டு ஓரத்தில், வேப்பமரத்தடியில் ஒரு மரப்பலகை இருக்கிறது. மேலே ‘ரிங் தொட்டவர்கள்’ என்று எழுதியிருக்கும். தரையிலிருந்து குதித்து, கூடையின் இரும்பு வளையத்தைக் கையால் தொட்டவன் பெயர் அதில் மஞ்சள் பெயிண்டில் ஏறும். வேறு எந்த ஊர்க் குழுவிலும் இப்படி ஒரு பழக்கத்தை நான் பார்த்ததில்லை. கோப்பை வாங்குவதைவிட அந்தப் பலகையில் ஏறுவதுதான் எங்களுக்குப் பெரிது. மொத்தம் இருபத்து மூன்று பெயர்கள். பதினான்காவது என்னுடையது. முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கிறது.

முதல் பெயர் எழுதப்பட்ட நாளில் நான் இல்லை. ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். இருந்தவர்கள் சொன்னதை எழுதுகிறேன். அப்போது கோர்ட்டு வெறும் மண்தரை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து, இங்கே அரசு விடுதியில் தங்கிப் பிளஸ் ஒன் படித்தவர் கரியராமன். வெறுங்காலோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். நம் ஆட்களில் ஒருவர் கிண்டலாக, “மலையில மரம் ஏறுவ இல்ல? இதுல ஏறு பாக்கலாம்” என்று கம்பத்தைக் காட்டியிருக்கிறார்.

அதற்கு அவர் கேட்டாராம்: “ஏறணுமா, தொட்டா போதுமா?”

நான்கு எட்டு ஓடி வந்து குதித்தார். வளையம் ஆடியதாம். அதுவரை அந்தக் கோர்ட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை. தனபால் அண்ணன் அன்று சாயங்காலமே ஒரு பலகைக்கு வெள்ளையடித்து, தன் கையாலேயே ‘1. வெ. கரியராமன்’ என்று எழுதி மரத்தில் அடித்துவிட்டார். இரண்டாவது பெயர் வருவதற்கு ஐந்து வருடம் ஆனது.

இரண்டாவது பெயர் எப்படி வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மண்தரையில் மழை பெய்தால் ஒரு வாரத்துக்கு விளையாட முடியாது. எனவே சிமெண்டுத் தரை போட்டார்கள். மண்ணைத் தோண்டவில்லை. அதன் மேலேயே மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டு மட்டம் தட்டினார்கள். கம்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. வளையமும் அப்படியே. தரை மட்டும் உயர்ந்தது. இது எவ்வளவு சின்னக் கணக்கு என்று பாருங்கள். ஊரே கூடித் திறப்புவிழா நடத்தி லட்டு கொடுத்தோம். இந்தக் கழித்தலை ஒரு ஆள்கூடப் போடவில்லை.

ஒரே வருடத்தில் பலகையில் நான்கு பெயர்கள் ஏறின. அடுத்த வருடம் மேலும் ஐந்து. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சிமெண்டுத் தரையில் காலுக்குப் பிடிமானம் ஜாஸ்தி. புது ஷூ. தனபால் அண்ணன் சொன்ன காரணம் வேறு: “கரியராமனப் பாத்துப் பாத்துப் பசங்க குதிக்கக் கத்துக்கினானுங்க.” கேட்பதற்கு அழகாக இருந்ததால் எல்லோரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கோர்ட்டில் எங்களை யாரும் ஜெயிக்க முடியவில்லை. வெளியூர் போனால் முதல் ஆட்டத்திலேயே தோற்று, வந்த பஸ்ஸிலேயே திரும்பி வருவோம். அதற்கும் காரணம் வைத்திருந்தோம். வெளியூர் ரெஃப்ரி சரியில்லை.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும்போது குழுவில் சேர்ந்தேன். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவர் எங்களுக்கெல்லாம் வழிகாட்டி என்று பேசுவீர்கள். எனக்கு அவர் ஒன்றும் கற்றுத் தரவில்லை. பந்தைக்கூடத் தரவில்லை. நான் ஆள் இல்லாத இடத்தில் நின்று கையைத் தூக்கிக் கத்துவேன். மூன்று பேர் மறித்து நிற்கும்போதும் அவரேதான் எறிவார். கேட்டால், “பந்து கேக்காத. எடத்துல நில்லு, வரும்” என்பார். வராது. வளையத்துக்குள் விழுந்து, வலை வழியாகக் கீழே வந்த பிறகுதான் என் கைக்கு வரும்.

ஆனால் நாலு மணி வேலையை அவர் யாருக்கும் விட்டதில்லை. வெயிலில் சிமெண்டு கொதித்துக் கிடக்கும். ஆடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டும். தொட்டியிலிருந்து நாற்பது குடம். இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு, ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடப்பார். முதல் குடத்துக்குத் தரையிலிருந்து ஆவி கிளம்பும். சூடான சிமெண்டில் தண்ணீர் பட்ட அந்த வாசனை, ஈரத்தில் பதிந்து பதிந்து காயும் அவருடைய அகலமான கால் தடம். தினமும் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் வேலையில் இருக்கிறேன். தினமும் நாலு மணி கோர்ட்டு நினைவுக்கு வருகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஊருக்குப் போய்விட்டு மலைப் பஸ்ஸில் வந்தால் பை நிறைய அவித்த மரவள்ளிக் கிழங்கு இருக்கும். ஆட்டம் முடிந்து பரோட்டாக் கடையில் உட்கார்ந்தால் அதை எடுத்து எங்கள் இலையில் போடுவார். “பரோட்டா தின்னா குதிக்க முடியாதுடா. இதத் தின்னு” என்பார். நாங்கள் கிழங்கைத் தின்போம். அவர் எட்டு பரோட்டா தின்பார்.

“அண்ணே, நீங்க மட்டும் தின்றீங்க?”

“நான்தான் தொட்டுட்டேன்ல? இனிமே தின்னா இன்னா?”

நான் வளையத்தைத் தொட்டது ஒரு திங்கட்கிழமை. பதினான்காவது பெயராக என் பெயர் ஏறியது. என் அப்பாவை அத்தா என்று கூப்பிடுவேன். அத்தா தன் ஹார்டுவேர் கடையை அரை மணி நேரம் சாத்திவிட்டு வந்து, பலகையைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வாரக் கடைசியில் திருக்கோவிலூரில் ஆட்டம். இருபது புள்ளிக்கு மேல் தோற்றோம். திரும்பி வரும் பஸ் எலவனாசூர்கோட்டை தாண்டியதும் கடைசி சீட்டிலிருந்து கரியராமன் அண்ணன் சொன்னார்:

“தனபாலண்ணே, நம்ம ரிங்கு எறங்கிடுச்சி.”

“இன்னாடா சொல்ற?”

“மண்ணு தரையா இருக்கசொல்ல, நல்லாக் குதிச்சா ரிங்கு என் வெரலு நடுக்கணுவுல படும். இப்போ நம்ம கோர்ட்டுல உள்ளங்கையில படுது. வெளியூர் போனா மறுபடியும் நடுக்கணுவுலதான் படுது. நாலு வெரல் கம்மிண்ணே. நம்ம ரிங்குல பழகிட்டு வெளியூருல போட்டா, எல்லாப் பந்தும் ரிங்கு முன்பக்கத்துலயே அடிச்சி விழுது பாருங்க. அளந்துடலாம்.”

தனபால் அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“ரிங்கு எறங்கல தம்பி. பசங்க ஏறிட்டானுங்க!”

பஸ்ஸே சிரித்தது. தோற்ற துக்கமெல்லாம் போய்விட்டது. ஒருத்தன், “இவரு ஒருத்தரு மட்டுந்தான் தொடணுமாம்!” என்றான். அதற்கும் சிரித்தோம். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான். என் பெயருக்கு அடித்த பெயிண்ட் அப்போது சரியாகக் காய்ந்துகூட இருக்காது. கரியராமன் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வரும் வரை திரும்பவில்லை.

அடுத்த சில மாதத்தில் சென்னையில் ஒரு அரசுத் துறைக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. மலையிலிருந்து வந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரியும். போனதில் தப்பில்லை. போன விதம் தப்பு. நாங்கள் நடத்தும் பொங்கல் டோர்னமெண்டுக்குப் பத்து நாள் இருந்தது. ஒருநாள் ஐந்து மணிக்குக் கோர்ட்டுக்குப் போனோம். தரை காய்ந்து கிடந்தது. கால் வைக்க முடியவில்லை. குடங்கள் கவிழ்த்தது கவிழ்த்தபடி தொட்டி ஓரத்தில் இருந்தன. அவருடைய அறைக்குப் போய்ப் பார்த்தால் பூட்டு. காலையிலேயே காலி செய்துவிட்டார் என்றார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் கொதிக்கும் சிமெண்டில் நின்றோம். அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக மன்னிக்கப் போவதும் இல்லை.

அந்த வருடம் அவர் இல்லாமலும் கோப்பையை ஜெயித்தோம். எங்கள் வளையம் எங்களோடுதான் இருந்தது.

மூன்று வருடம் கழித்து அவர் துறைக் குழுவோடு எங்கள் டோர்னமெண்டுக்கு வந்தார். இறுதி ஆட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி நாங்கள் முன்னிலை. அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. கூட்டம் கத்திய கத்தலில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்கவில்லை. அவர் எப்போதும் உயரமாகத் தூக்கிப் போடுபவர். அன்றைக்குத் தாழ்வாக, தட்டையாகப் போட்டார். இரண்டும் விழுந்தன. ஒரு புள்ளியில் தோற்றோம். சொந்த மண்ணில் முதல் தோல்வி. அவருடைய குழுவினர் அவரைத் தூக்க வந்தார்கள். அவர் விலகிக்கொண்டு நேராக வேப்பமரத்தடிக்குப் போய்ப் பலகை முன்னால் நின்றார். பின்னாலிருந்து யாரோ “துரோகி” என்று கத்தினார்கள். யாரோ என்ன, நான்தான்.

மறுநாள் காலை வாட்ச்மேன் ஒரு தகவல் சொன்னார். துறைக் குழு ஒருநாள் முன்பே வந்து டேப் வைத்து வளையத்தை அளந்ததாம். அதே உயரத்துக்கு இரண்டு மணி நேரம் பயிற்சி எடுத்ததாம். கோர்ட்டில் கூட்டம் கூடியது. “நம்ம ரிங்கு விஷயத்தப் போய் அவனுங்ககிட்ட சொல்லிட்டான்” என்று ஆளாளுக்குக் கத்தினோம்.

எந்த விஷயம்? வளையம் சரியாக இருக்கிறது என்றுதானே மூன்று வருடம் முன்பு சிரித்தோம்? சரியாக இருக்கும் வளையத்தில் வெளியே சொல்வதற்கு என்ன ரகசியம் இருக்கிறது? டிப்ளமோ முடித்த எனக்கு அன்றைக்கு இந்தக் கேள்வி வரவில்லை. கூட்டத்தில் ஒருவருக்கும் வரவில்லை. அத்தா கடையிலிருந்து ஒரு கறுப்பு எனாமல் டின்னும் இரண்டு அங்குல பிரஷ்ஷும் எடுத்து வந்தேன். அத்தா கேட்டார், “எதுக்குடா?” வாசல் இரும்பு கேட்டுக்கு அடிக்க என்றேன். முதல் கோட்டில் அடியிலிருந்த மஞ்சள் தெரிந்தது. உட்கார்ந்து, அது காயும் வரை காத்திருந்து, இரண்டாவது கோட் அடித்தேன்.

பெயரை அழித்தது யார் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். மலரில் இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதிவிட்டேன்.

ஆறு வருடம் முன்பு வேலைக்காக லேசர் அளவுக் கருவி வாங்கினேன். புதுக் கருவி வாங்கியவன் கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பான். ஒரு காலை நேரம், கோர்ட்டில் யாரும் இல்லை. வளையத்துக்குக் கீழே தரையில் வைத்து அழுத்தினேன். 2.973 மீட்டர். இருக்க வேண்டியது 3.05. மறுபக்கக் கம்பத்திலும் வைத்தேன். அதே அளவு. ஏழு புள்ளி ஏழு சென்டிமீட்டர் குறைவு. என் நான்கு விரலைச் சேர்த்து வைத்து அளந்து பார்த்தேன். ஏழரை.

என் உடம்பு எனக்குத் தெரியும். என் வாழ்நாளின் சிறந்த குதிப்பில் என் விரல் நுனி அந்த வளையத்தைத் தாண்டியது நான்கு சென்டிமீட்டர். சரியான உயரத்தில் இருந்திருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். மற்றவர்களில் பெரும்பாலானோரும் தொட்டிருக்க மாட்டார்கள். இருபத்து மூன்று பேரில் மண்தரையில், சரியான உயரத்தில் தொட்டவர் ஒரே ஒருவர். அவர் பெயரைத்தான் நான் அழித்திருக்கிறேன்.

வளையம் இருக்கும் போர்டைக் கம்பத்தோடு பிடித்திருப்பது நான்கு யு-கிளாம்ப்புகள். தளர்த்தி, ஏற்றி, மறுபடியும் முறுக்க வேண்டும். இரண்டு கம்பத்துக்கும் சேர்த்து அரை நாள் வேலை. அப்போது நான் கேப்டன். கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

போன ஆடியில் மலைச்சாலையில் தடுப்புச்சுவர் வேலைக்காக மேலே போயிருந்தேன். திருவிழாவுக்குக் கரியராமன் அண்ணன் ஊருக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். பார்க்காமல் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடைப்பந்துக் கம்பம் தெரிந்தது. வண்டியை நிறுத்தினேன். அவர் ஏணியில் நின்று வலை கட்டிக்கொண்டிருந்தார். தொப்பை போட்டிருந்தது.

“இன்னாடா சாதிக்கு, பந்து வேணுமா?” என்றார். இத்தனை வருடம் பேசாதவர் பேசிய முதல் வார்த்தை அது.

கம்பத்தில் ஒரு மூங்கிலைச் சாய்த்து வைத்திருந்தார். “டேப்பு எவனாவது எடுத்துக்கினு போயிடுவான். மூங்கில எவன் எடுக்கப் போறான்? மழையில கம்பம் கொஞ்சம் எறங்கும். இத நிக்க வெச்சி அளந்துக்கினே இருக்கச் சொல்லிப் பசங்ககிட்ட சொல்லியிருக்கேன்” என்றார். அவருக்குத் தெரியாமல் லேசரை வைத்துப் பார்த்தேன். மூங்கிலின் நீளம் 3.049.

அவர் பார்த்துவிட்டார். “அதானே பாத்தேன். நம்ம கோர்ட்டுலயும் வெச்சிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எவ்ளோ?”

“ஏழு புள்ளி ஏழு சென்டி கம்மி.”

“நாலு வெரல்” என்றார். நான்கு விரல்களையும் சேர்த்து என் முகத்துக்கு நேரே காட்டினார். சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. எதிராளி சரியாகச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். கேட்டேன்:

“அதப் போய் அவங்ககிட்ட சொல்லலாமாண்ணே? நம்ம டீமு.”

“மொதல்ல உங்ககிட்டதாண்டா சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. அவங்க அளந்தாங்க.”

அவரே தொடர்ந்தார். “எங்க கோச்சு அன்னிக்கே கம்ப்ளைண்ட் குடுக்கணும்னாரு. நான்தான் வேணாம்னேன். குடுத்திருந்தா உங்க பழைய கப்பெல்லாம் இன்னா ஆவும்? அதுவும் இல்லாம, ஜெயிக்கப் போற மேச்ச எதுக்குடா நிறுத்தணும்?”

“சொல்லாம போனீங்களே, அது?”

இதற்கு மட்டும் அவர் முகம் மாறியது. வலையின் முடிச்சை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார். “வந்தேன்டா. நாலு மணிக்கு வந்தேன். தண்ணி ஊத்திட்டு, இருந்து, எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். கொடத்தத் தூக்கினேன், முடியல. கவுத்து வெச்சிட்டுப் போயிட்டேன். தப்புதான்.”

கிளம்பும்போது கேட்டார், “ரிங்க எப்போ ஏத்தப் போற?”

“பொங்கல் டோர்னமெண்ட் முடியட்டும்ணே. முடிஞ்சதும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு ஏத்திடறேன்.”

“எத்தினி டோர்னமெண்ட் முடிஞ்சிச்சி! சரி. ஏத்திட்டு ஒரு போன் பண்ணு. வந்து ஒருவாட்டி தொட்டுட்டுப் போறேன். தொப்பையோட.”

இந்த வருடப் பொங்கல் டோர்னமெண்ட் ஜனவரி 18 அன்று முடிந்தது. ஜெயித்தோம். பிப்ரவரி 4 வரை பதினேழு நாள். எனக்கு வேலை இருந்தது என்று சொல்ல முடியும். அரை நாள் வேலைக்குப் பதினேழு நாளில் நேரம் இல்லை என்று சொன்னால், என் சைட்டில் நானே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இறுதிச் சடங்குக்கு ஆறு பேர் ஒரு வேனில் மேலே போனோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது தனபால் அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார். சடங்கெல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் கரியராமன் அண்ணன் மனைவி மல்லிகா அக்கா என்னிடம் வந்தார்.

“நீங்கதான் சாதிக்கா? பேர அழிச்சவரு?”

வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணனுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆடியில் அவ்வளவு பேசியும் இதை மட்டும் அவர் எடுக்கவே இல்லை.

“ஆமாங்க்கா.”

“வாட்ச்மேன் சொன்னாராம். எங்க வூட்டுக்காரரு சிரிச்சிக்கினே சொல்லுவாரு. ‘வேற எவனா இருந்தாலும் கோவத்துல ஒரு கோட் அடிச்சிட்டுப் போயிடுவான். இவன் காய வெச்சி ரெண்டு கோட் அடிச்சிருக்கான். இவன்கிட்ட ஒரு வேலயக் குடுத்தா ஒழுங்கா முடிப்பான்’னு.”

அவர் என்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கணவர் சொன்ன ஒரு நல்ல வார்த்தையை உரியவனிடம் சேர்க்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பக்கம் போய், அந்த மூங்கிலைப் பக்கத்தில் வைத்து, இன்னொரு மூங்கிலை அதே நீளத்துக்கு வெட்டிக்கொண்டு வந்தேன். வேன் மேல் கட்டினேன்.

“இது எதுக்குடா?” என்றார் தனபால் அண்ணன்.

இறங்கும் வழி முழுக்கச் சொன்னேன். 2.973. மூன்று அங்குலக் கான்கிரீட். பலகை. எல்லாம். வேனில் இருந்த மற்ற நால்வரும் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இப்போ எதுக்குடா இதெல்லாம்? செத்தவன் வந்து அளக்கப் போறானா?”

“நான் அளந்துட்டேண்ணே.”

“பலகையில என் பையன் பேரும் இருக்குடா.” குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

“என் பேரும் இருக்குண்ணே.”

ஊருக்குள் நுழையும்போது அவர், “அன்னிக்கு பஸ்ஸுல நான் சிரிக்க வெக்காம இருந்திருந்தா அளந்திருப்பீங்க இல்ல?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேட்டதற்கு உண்மையைத்தானே சொல்ல முடியும்.

கரியராமன் அண்ணனிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது என்ன என்று எழுதி முடிக்க வேண்டும். ஃபோட்டோ ஒன்றுகூட இல்லை. நாலு மணிக்கு அந்தச் சிமெண்டிலிருந்து எழும்பும் வாசனை இருக்கிறது. “மொதல்ல உங்ககிட்டதாண்டா சொன்னேன்” என்ற வார்த்தை இருக்கிறது. மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டரில் ஒரு மூங்கில் இருக்கிறது. அவர் கொடுத்து நான் முடிக்காத ஒரு வேலை இருக்கிறது. அழுகை எனக்கு வராது. வேலைப் பட்டியல் எழுத வரும். இரங்கல் கூட்டத்தன்று நான் செய்யப்போவது:

1. காலை 7 மணி. ஃப்ளெக்ஸ் கட்ட வருபவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதலில் பலகை. பெயிண்ட் தின்னர் போட்டுக் கறுப்பைச் சுரண்டி எடுப்பேன். அடியிலிருக்கும் மஞ்சளும் சேர்ந்து வந்துவிடும். ‘1. வெ. கரியராமன்’ என்று புதிதாக எழுதித் தர தனபால் அண்ணனைக் கேட்டிருக்கிறேன். முதல் தடவை எழுதியது அவர்தான். இன்னும் சரி என்று சொல்லவில்லை. வராவிட்டால் நான் எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது.

2. 9 மணி. இரண்டு கம்பத்திலும் கிளாம்ப்பைத் தளர்த்திப் போர்டை ஏற்றுவேன். மூங்கிலை நிறுத்திச் சரிபார்ப்பேன். சந்தேகம் இருப்பவர்கள் சொந்த டேப் கொண்டுவரலாம். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

3. மூங்கில் இனிமேல் வேப்பமரத்திலேயே சாத்தியிருக்கும். யாரும் பந்தல் காலுக்கு எடுக்கக் கூடாது.

4. அவருடைய துறைக் குழுவுக்கு அடுத்த பொங்கல் டோர்னமெண்டுக்கு அழைப்புக் கடிதம் அனுப்புவேன். பெரும்பாலும் தோற்போம். பரவாயில்லை, திருக்கோவிலூரில் ஜெயிக்க ஆரம்பிப்போம்.

5. மாலை 4 மணி. நாற்பது குடம். ஷூ இல்லாமல். உதவிக்கு யாரும் வர வேண்டாம்.

6. மல்லிகா அக்காவுக்கு ஒரு போன். ரிங்கை ஏற்றியாயிற்று என்று சொல்ல.

7. மாலை 5 மணி. எல்லோர் முன்னாலும் குதிப்பேன். மூன்று வாய்ப்பு. எனக்கு வயது முப்பத்தொன்று, இடது முழங்கால் சரியில்லை, கணக்கு என்ன சொல்கிறது என்றும் தெரியும். மற்றவர்கள் குதிப்பதும் குதிக்காததும் அவரவர் விருப்பம். தொட முடியாவிட்டால் பதினான்காவது பெயரை நானே அழிப்பேன். அந்தப் பழைய டின் எப்போதோ காய்ந்துவிட்டது. அத்தா கடையிலிருந்து புதுசு எடுத்து வைத்துவிட்டேன். இந்த முறை எதற்கு என்று அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். காய வைத்து, ரெண்டு கோட்.